கரியில் பிறந்த வாய்
தொலைபேசிச் செலுத்தியின் வரலாறு

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் என்று பள்ளி மாணவன் ஒருவனைக் கேட்டால், அலெக்சாண்டர் கிரஹாம் பெல் என்று கண் இமைக்கும் முன் விடை சொல்லிவிடுவான். விடை தவறன்று, ஆயினும் அது பாதி விடைதான். பேசும் கருவிக்குக் காது ஒன்று, வாய் ஒன்று என இரண்டு உறுப்புகள் உண்டு. காதைக் கொடுத்தவர் பெல் என்பதில் ஐயமில்லை. காந்தமும் கம்பிச்சுருளும் இரும்புத் தகடும் சேர்த்து அவர் 1870-களில் அமைத்த அமைப்பே, சிற்சில திருத்தங்களுடன், நூறாண்டுக் காலம் உலகத்தார் காதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வாயின் கதை வேறு. அதே நூறாண்டுக் காலம் நம் குரலை ஏற்றுக் கம்பியில் அனுப்பிய வாய், பெல் செய்த வாய் அன்று. அது கரியில் பிறந்தது. அதற்குத் தந்தையர் பலர்: ஒருவர் காது மந்தமானவர், ஒருவர் துணிக்கடைக் குமாஸ்தா, ஒருவர் இசை ஆசிரியர், ஒருவர் கிராமத்துப் பாதிரியார்.

பொறியியலார் இவ்வாய்ப் பகுதியை டிரான்ஸ்மிட்டர் என்பர். இக்கட்டுரையில் அதனைச் செலுத்தி என்றும், காதில் வைக்கும் பகுதியை வாங்கி என்றும் வழங்குவோம்.

ஓசை போயிற்று, சொல் போகவில்லை

நாம் பேசும்போது காற்று அதிர்கிறது. அவ்வதிர்வு மெல்லிய தோலிலோ தகட்டிலோ மோதினால் அதுவும் உடன் அதிரும். மத்தளத்தின் தோல்மேல் விரலை இலேசாக வைத்துக்கொண்டு அருகில் ஒருவரை உரக்கப் பேசச் சொன்னால் இதனை எவரும் உணரலாம். இந்த அசைவை மின்சாரத்தின் அசைவாக மாற்றுவது எப்படி என்பதுதான் வினா.

ஜெர்மனியில் பிரீட்ரிக்ஸ்டோர்ப் என்னும் சிற்றூரில் பள்ளி ஆசிரியராக இருந்த பிலிப் ரைஸ் என்பவர், 1861-ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகரப் பௌதிகக் கழகத்தின் முன் ஒரு கருவியைப் பற்றி விரிவுரையாற்றினார். அவர் செய்த கருவிகளுள் ஒன்று மரத்தில் செதுக்கிய மனிதக் காதின் உருவில் இருந்தது. சவ்வின் நடுவே ஓர் உலோகத் துண்டு. அதைத் தொட்டுக்கொண்டு மற்றோர் உலோக முனை. சவ்வு அதிரும்போது இரண்டும் தொட்டும் விட்டும் வரும். மின்சாரமும் ஓடியும் நின்றும் வரும். பாட்டின் சுருதி இதில் நன்றாகவே போயிற்று. விநாடிக்கு 200 முறை அதிரும் சுரத்தைப் பாடினால் மின்சாரமும் 200 முறை விட்டு விட்டு ஓடும் அல்லவா? ஆனால் பாடியவர் 'கால்' என்றாரா, 'பால்' என்றாரா, 'வால்' என்றாரா என்பது மறுமுனையில் தெளிவாகவில்லை. சொல்லுக்குச் சொல் வேறுபாடு தெரியவேண்டுமானால் அதிர்வின் எண்ணிக்கை மட்டும் போதாது. ஒவ்வோர் அதிர்வும் ஏறி இறங்கும் வடிவமும் வேண்டும். கதவைத் திறந்து மூடுவது போன்ற ரைஸின் அமைப்பில் அந்த வடிவம் நறுக்குண்டு போயிற்று. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மிக மெல்லப் பேசினால் முனைகள் முற்றும் பிரியாமல், அழுத்தம் கூடியும் குறைந்தும் தொட்டுக்கொண்டே இருக்கும். அப்போது சில சொற்கள் விளங்கினவாம். கருவி தன் கடமையைத் தவறியபோதுதான் பேசிற்று! இதன் பொருள் என்ன என்பதை உலகம் அறிய இன்னும் 16 ஆண்டுகள் ஆயின. ரைஸ் அதைக் காணவில்லை. 1874-ல், தம் 40-ஆம் வயதில், காசநோயால் மறைந்தார்.

குரலே கூலியாள்

ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் பிறந்து, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் செவிடர்களுக்குப் பேசக் கற்பித்துவந்த கிரஹாம் பெல், குரலின் வடிவம் குலையாமல் போகவேண்டும் என்பதை நன்குணர்ந்தவர். மின்சாரம் விட்டு விட்டு ஓடாமல், அலைபோல ஏறி இறங்கி ஓடவேண்டும் என்பது அவர் கொள்கை. அவரது கருவியில் காந்தத்தின் முன் ஓர் இரும்புத் தகடு இருக்கும். காந்தத்தைச் சுற்றிக் கம்பிச்சுருள் இருக்கும். தகடு அசைந்தால் சுருளில் மின்சாரம் தோன்றும். அந்த மின்சாரம் மறுமுனையில் அதே போன்ற கருவியின் தகட்டை அசைக்கும். 1877-ல் விற்பனைக்கு வந்த கருவிகளுக்குப் பேசுவதற்கென்று பாட்டரியே தேவைப்படவில்லை. வாயும் காதும் ஒரே கருவிதான். பேசிவிட்டு அதையே காதில் வைத்துக்கொள்ள வேண்டியது.

அழகிய அமைப்புத்தான். ஆனால் அதில் குரலே கூலியாள். தகட்டை அசைப்பது, மின்சாரத்தை உண்டாக்குவது, மைல்கணக்கான கம்பியில் அதைத் தள்ளிச் செல்வது, அப்பால் இன்னொரு தகட்டை ஆட்டுவது ஆகிய இத்தனை வேலையையும் பேசுபவரின் மூச்சுக்காற்றே செய்தாகவேண்டும். சாதாரணமாகப் பேசும்போது நம் வாயினின்று வெளிப்படும் ஒலியின் ஆற்றல், ஒரு வாட்டில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு. அதிலும் சிறு பங்கே மின்சாரமாக மாறும். ஆகவேதான் அக்காலத்தில் தொலைபேசியில் பேசியவர்கள் தொண்டை கட்டும்வரை கத்தினார்கள். கேட்டவர்களோ மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள்.

இங்கே பலர் அறியாத ஒரு செய்தி. 1876 மார்ச் 10-ஆம் நாள் பெல் தம் உதவியாளர் வாட்சனை அழைத்த புகழ்பெற்ற முதல் வாக்கியம், இந்தக் காந்தக் கருவியின் வழியே செல்லவில்லை. அன்று அவர் பேசியது வேறொரு கருவியில். ஒரு கிண்ணத்தில் அமிலம் கலந்த நீர். மேலே ஒரு சவ்வு. சவ்வினின்று தொங்கும் கம்பி முனை நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். சவ்வு அதிரும்போது முனை சற்றே ஆழ்ந்தும் சற்றே எழுந்தும் வரும். அதற்கேற்ப நீரின் வழியே ஓடும் பாட்டரி மின்சாரம் கூடியும் குறைந்தும் வரும். இதே போன்ற நீர்க்கருவியை விவரித்து, எலிஷா கிரே என்பவரும் அதே ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள், பெல்லின் விண்ணப்பம் சேர்ந்த அதே நாளில், அமெரிக்கப் பேட்டண்ட் அலுவலகத்தில் அறிக்கை கொடுத்திருந்தார். யார் எவரிடமிருந்து எடுத்தார் என்ற வழக்கு அறிஞர்களிடையே இன்னும் தீர்ந்தபாடில்லை. அதைக் கிளற இங்கு இடமில்லை. நாம் கவனிக்கவேண்டுவது, பெல் அந்த நீர்க்கருவியைக் கைவிட்டார் என்பதே. வீட்டுச் சுவரில் அமிலக் கிண்ணத்தை மாட்டிவைக்க யார்தான் இசைவர்? ஆனால் கிண்ணத்தோடு அதற்குள் இருந்த உயர்ந்த கருத்தையும் அவர் ஒருபுறம் வைத்துவிட்டார்.

அக்கருத்து யாது? ஏரியிலிருந்து வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவன் நீரைத் தூக்கிச் செல்வதில்லை. மதகுப் பலகையைச் சிறிது உயர்த்துகிறான், சிறிது தாழ்த்துகிறான். ஓடுவது ஏரியின் நீர். அவன் செலவிடும் வலிமை பலகையை அசைக்கும் அளவே. அதுபோலவே, நீர்க்கருவியில் ஓடுவது பாட்டரியின் மின்சாரம். குரல் அதற்கு மதகுக்காரன் மட்டுமே. பாட்டரி பெரிதானால், சிறு குரலும் பெரும் மின்சாரத்தை ஏற்றி இறக்கலாம். நீர்க்கிண்ணத்துக்குப் பதிலாக, உலர்ந்ததாய், கெடாததாய், மலிவானதாய் ஒரு மதகு கிடைக்கவேண்டும். அதைத் தேடிப் பலரும் புறப்பட்டனர்.

விளக்குப் புகையில் கிடைத்த மதகு

வாஷிங்டன் நகரில் துணிக்கடைக் குமாஸ்தாவாக இருந்த எமில் பெர்லினர் என்ற ஜெர்மானிய இளைஞர், 1877 ஏப்ரலில், இரண்டு உலோக முனைகள் இலேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும் கருவி ஒன்றுக்குப் பேட்டண்ட் அலுவலகத்தில் முன்னறிக்கை கொடுத்தார். பிரியாமல் தொட்டுக்கொண்டே இருந்து அழுத்தம் மட்டும் மாறினால் போதும் என்பதே அதன் சாரம். ரைஸின் கருவி தற்செயலாகச் செய்ததை இவர் கருதியே செய்தார். பிற்காலத்தில் தட்டையான இசைத்தட்டையும் கிராமபோனையும் உலகுக்கு அளித்தவர் இவரே.

அதே மாதத்தில் தாமஸ் எடிசனும் தம் செலுத்திக்கு விண்ணப்பித்தார். பெல்லின் கம்பெனியை வெல்ல விரும்பிய வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பெனி, நல்ல செலுத்தி ஒன்று செய்யுமாறு அவரைக் கேட்டிருந்தது. எடிசனுக்குக் காது சரியாகக் கேளாது. பெல்லின் கருவியில் வந்த மெல்லிய ஒலி அவர் காதில் விழவில்லை. தமக்கே கேட்கும்படியான கருவியைச் செய்யவேண்டியதாயிற்று என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். குறை ஒன்று அளவுகோலாக மாறியது இங்கேதான்.

அழுத்தினால் மின்தடை மாறும் பொருள்களை எல்லாம் எடிசன் சோதித்தார். இறுதியில் கரியிடம் வந்தார். ஏன் கரி? இரும்பு, செம்பு போன்ற உலோகங்களின் மேல் காற்றுப் பட்டால் துருவும் களிம்பும் ஏறும். அவை மின்சாரத்தைத் தடுக்கும். சிறு பொறி பறந்தாலும் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். கரிக்கோ களிம்பு ஏறாது. அது உருகி ஒட்டிக்கொள்வதும் இல்லை. மேலும், இரண்டு கரித்துண்டுகளை எவ்வளவு வழவழப்பாகத் தேய்த்தாலும் அவை உண்மையில் தொடுவது சில நுண்ணிய மேடுகளில்தான். அழுத்தினால் தொடும் மேடுகள் பெருகும், மின்சாரம் கூடும், விட்டால் குறையும். குரலின் மிகச் சிறிய அழுத்தத்திற்கே இம்மாற்றம் உண்டாகிறது. இதைவிட எளிய மதகு கிடைப்பதரிது.

மென்லோ பார்க்கிலிருந்த எடிசனின் ஆராய்ச்சிக்கூடத்தில், மண்ணெண்ணெய் விளக்குகளின் திரியை வேண்டுமென்றே ஏற்றிவைத்துப் புகையவிட்டு, படிந்த கரியைச் சுரண்டி எடுத்து, பொத்தான் போல அழுத்தி வைத்தார்கள். நம் வீடுகளில் சிம்னியைத் துடைத்து எறிந்த அதே கரிதான்! இப்பொத்தானுக்கு ஒரு லட்சம் டாலர் தருவதாக வெஸ்டர்ன் யூனியன் சொன்னபோது, மொத்தமாக வாங்கினால் சோதனைகளில் செலவழித்துவிடுவோம் என்று அஞ்சி, ஆண்டுக்கு 6,000 டாலராக 17 ஆண்டுகளுக்குத் தருமாறு கேட்டதாக எடிசன் நினைவுகூர்ந்திருக்கிறார்.

எடிசன் இன்னொன்றும் செய்தார். என் கருத்தில் அது பொத்தானுக்குக் குறைந்ததன்று. கரியையும் பாட்டரியையும் நெடுங்கம்பியோடு நேராக இணைக்காமல், நடுவே தூண்டுசுருள் ஒன்றை வைத்தார். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேசும்போது கரியின் மின்தடை ஓர் ஓம் அளவு மாறுவதாகவும், கம்பியின் தடை 1,000 ஓம் என்றும் கொள்வோம். நேராக இணைத்தால் மின்சாரம் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மாறும். மறுமுனையில் ஒன்றும் கேட்காது. பாட்டரி, கரி, சுருளின் முதற்சுற்று ஆகிய மூன்றும் மட்டும் உள்ள சிறு சுற்றில் மொத்தத் தடை 5 ஓம் என்றால், அதே மாற்றம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். சுருளின் இரண்டாம் சுற்று அதை அழுத்தம் மிகுந்த மின்சாரமாக மாற்றிக் கம்பியில் ஏற்றும்.

இதன் விளைவு உடனே தெரிந்தது. வெஸ்டர்ன் யூனியனின் கருவி தெளிவாகப் பேசிற்று. பெல் கம்பெனியின் கருவி முணுமுணுத்தது. பெல் கம்பெனியின் முகவர்கள், எடிசனுடையதற்கு ஈடான செலுத்தி தராவிட்டால் தொழில் நடத்த முடியாது என்று முறையிட்டனர். தொலைபேசிக்குப் பேட்டண்ட் உரிமை பெற்றவரின் கம்பெனி, நல்ல வாய் இல்லாமையால் தள்ளாடிற்று! அதைத் தாங்கிப் பிடித்தவர் பிரான்சிஸ் பிளேக் என்பவர். அவர் 1878-ல் அமைத்த செலுத்தியில், பிளாட்டின மணி ஒன்றும் கெட்டிக் கரித்துண்டு ஒன்றும் தனித்தனி வில்களில் தாங்கப்பட்டு, எப்போதும் ஒன்றையொன்று மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தன. பெர்லினரும் அக்கம்பெனியில் வேலைக்கு அமர்ந்து அதைச் சீர்செய்தார். 1879 நவம்பரில் இரு கம்பெனிகளும் உடன்பாடு செய்துகொண்டன. வெஸ்டர்ன் யூனியன் தொலைபேசித் தொழிலைவிட்டு விலகி, எடிசனின் செலுத்தி உரிமையையும் பெல் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தது. பெல்லின் காதும் எடிசனின் வாயும் ஒரே வீட்டிற்கு வந்து சேர்ந்தது அப்போதுதான்.

மூன்று ஆணிகள்

இதற்கிடையில் லண்டனில் டேவிட் ஹியூஸ் என்பவர், 1878 மே மாதத்தில், யாவரும் வியக்கத்தக்க ஒன்றைக் காட்டினார். இவர் அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலத்தில் இசை ஆசிரியராக இருந்தவர். எழுத்துகளை அச்சடிக்கும் தந்திக் கருவியால் பெரும் பொருள் ஈட்டியவர். இரண்டு ஆணிகளைப் பக்கம் பக்கமாக வைத்து மூன்றாவது ஆணியை அவற்றின்மேல் குறுக்கே கிடத்தினார். பாட்டரியையும் வாங்கியையும் இணைத்தார். அது பேசிற்று! கூரிய முனையுள்ள கரிக்குச்சியை இரண்டு கரிக்கட்டைகளுக்கு இடையே தளர்வாக நிறுத்தியபோது இன்னும் நன்றாகப் பேசிற்று. ஈ நடக்கும் ஓசைகூடக் கேட்டது. இதற்கு அவர் மைக்ரோபோன் என்று பெயரிட்டார். எல்லாப் பொருளிலும் தளர்வாகத் தொடும் இடமே உயிர்நிலை என்பதை அவர் ஐயத்துக்கிடமின்றி நிறுவினார்.

ஹியூஸ் இதற்குப் பேட்டண்ட் எடுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். எடிசனோ இது தம்முடையதைத் திருடியது என்று சினந்து எழுதினார். எடிசனின் பொத்தான் முந்தியது என்பது மெய். ஆனால் கரி ஏன் பேசுகிறது என்ற விளக்கத்தை ஹியூஸ்தான் தந்தார் என்றே தோன்றுகிறது. ஐரோப்பாவில் பலர் ஹியூஸின் கரிக்குச்சிகளைக் கொண்டு செலுத்திகள் அமைத்தனர். 1881-ல் பாரிஸ் மின்பொருட்காட்சிக்கு வந்தவர்கள், ஆடர் என்பவர் அமைத்த அத்தகைய செலுத்திகளின் வழியே, நகரின் ஆப்பரா அரங்கில் நடந்த பாட்டைக் காட்சிசாலையில் நின்றபடியே கேட்டு மகிழ்ந்தனர்.

பாதிரியாரின் கரித்தூள்

பொத்தான், குச்சி, வில் எல்லாவற்றுக்கும் ஒரு குறை உண்டு. மின்சாரம் ஒன்றிரண்டு தொடுமுனைகளின் வழியே ஓடவேண்டும். அதிக மின்சாரத்தைச் செலுத்தினால் அம்முனைகள் சூடேறிப் பொரியும். மதகு சிறிதானால் ஏரி பெரிதாயிருந்து பயனில்லை.

இங்கிலாந்தில் யார்க்ஷயரிலுள்ள போல்ட்டன் பெர்சி என்னும் கிராமத்தில் துணைப் பாதிரியாராக இருந்த ஹென்றி ஹன்னிங்ஸ் 1878-ல் இதற்கு வழி கண்டார். கல்கரியை இடித்துத் தூளாக்கி, மெல்லிய பிளாட்டினத் தகட்டுக்கும் பின்புற உலோகத் தட்டுக்கும் இடையே தளர்வாக நிரப்பினார். ஒரு முனை இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கான முனைகள்! ஒவ்வொன்றிலும் ஓடும் மின்சாரம் சிறிது, கூடினால் பெரிது. இதுவரை இருந்த எதனினும் இது உரக்கப் பேசிற்று. மின்சாரத்தைத் தொழிலாகக் கொள்ளாத ஒரு கிராமத்துப் பாதிரியாரிடமிருந்து இது வந்தது என்பது வியப்பே.

ஆனால் புதிய கருவி புதிய நோயுடன் பிறந்தது. பேசப் பேச அதிர்வினால் தூள் கீழே இறங்கிக் கெட்டிப்பட்டுவிடும். அரிசிப் படியைத் தட்டினால் அரிசி அமுங்குவதில்லையா, அதுபோல. கெட்டிப்பட்ட தூளுக்கு அழுத்தம் கூடுவதும் தெரியாது, குறைவதும் தெரியாது. அப்போது கருவியைத் தட்டி உலுக்கவேண்டும்.

இந்நோய்க்கு மருந்து கண்டவர், பெல் கம்பெனியின் பொறியியலார் அந்தோனி ஒயிட். அவர் 1890-ல் அமைத்ததைக் 'கெட்டி முதுகுச் செலுத்தி' என்றனர். சிறிய பித்தளைக் கிண்ணம், அதற்குள் எதிரெதிராக இரண்டு கரித்தட்டுகள், இடையே கரிமணிகள். பின்தட்டு அசையாதபடி கனத்த உலோகப் பாலத்தில் பொருத்தப்பட்டது. பெயரின் காரணம் அதுவே. முன்தட்டு பேசும் தகட்டோடு சேர்ந்து அசையும்; மணிகள் சிந்தாதபடி காக்காப்பொன் வளையம் ஒன்று கிண்ணத்தின் வாயை மூடியிருக்கும். இதிலுள்ள நுட்பம் யாதெனில், கரித்தட்டுகள் கிண்ணத்தைவிடச் சற்றே சிறியவை. ஆகவே தட்டுகளுக்கு இடையே உள்ள மணிகள் சூடேறி விரிந்தால் ஓரத்திலுள்ள இடத்துக்கு ஒதுங்கிக்கொள்ளலாம், கெட்டிப்படவேண்டியதில்லை. மணிகளும் இப்போது கண்ட கரியாக இல்லை. தேர்ந்தெடுத்த ஆந்திரசைட் நிலக்கரியை உடைத்து, சலித்து, வறுத்து, உள்ளிருந்த வாயுக்களைப் போக்கிய மணிகள் அவை.

1892 அக்டோபர் 18-ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து சிக்காகோவுக்கு, ஏறத்தாழ 950 மைல் தொலைவுக்கு, பேச்சு வழி திறக்கப்பட்டது. கம்பியில் குரலைப் பெருக்கும் கருவி எதுவும் அப்போது உலகில் இல்லை. தடித்த செம்புக் கம்பியையும் இத்தகைய கரிச் செலுத்தியையும் நம்பியே அவ்வழி அமைந்தது. தொடக்க விழாவில் கருவியின் முன் அமர்ந்து பேசியவர் கிரஹாம் பெல். அவர் வாயருகே இருந்தது அவருடைய செலுத்தி அன்று என்பதை, அன்று எடுத்த புகைப்படத்தைக் காண்போர் எண்ணிப்பார்ப்பதில்லை.

நம் பக்கத்தில், சிங்கப்பூருக்குத் தொலைபேசி 1879-லேயே வந்துவிட்டது. பென்னட் பெல் என்பவர் 50 இணைப்புகளோடு தனியார் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். தமிழில் எழுதும்போது இருவர் பெயரும் ஒன்றாகிவிடுகின்றன; இவர் வேறு, கிரஹாம் பெல் வேறு.

தட்டினால் பேசும்

பழைய படங்களில் தொலைபேசி ஒரு குத்துவிளக்குத் தண்டு போல நின்றுகொண்டும், காதுப் பகுதி தனியே தொங்கிக்கொண்டும் இருப்பதைக் காண்கிறோம். வாயையும் காதையும் ஒரே கைப்பிடியில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லையா? தோன்றியது. ஆனால் கெட்டி முதுகுச் செலுத்தி நேராக நிற்கும்போதுதான் நன்றாகப் பேசும். சாய்த்தால் மணிகள் ஒருபக்கம் ஒதுங்கிவிடும். எப்பக்கம் திருப்பினாலும் மின்முனைகள் மணிகளுக்குள்ளேயே மூழ்கியிருக்கும்படி அமைத்த பின்னரே, 1920-களின் இறுதியில், கைப்பிடித் தொலைபேசி பரவலாயிற்று. பிரிட்டிஷ் அமைப்பிலான கறுப்புப் பேக்லைட் தொலைபேசிகள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கியது அதன் பின்னர்தான். பேச்சு மங்கினால் அந்தக் கைப்பிடியை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பேசுவார்கள். அது வெறும் எரிச்சலில் செய்ததன்று. உள்ளே கெட்டிப்பட்ட கரிமணிகளைத் தளர்த்த, தெரிந்தோ தெரியாமலோ, செய்த சரியான வைத்தியம்.

தோட்டத்து ஆபீசில் கிராணியார் டெலிபோனில் பேசினால் லயம் முழுவதும் கேட்கும் என்று கேலி செய்வதுண்டு. அவர் கத்தவேண்டியதே இல்லை. வாயை அருகே வைத்துப் பேசியிருந்தால் போதும். கரிச் செலுத்திக்கு ஓர் அளவுக்கு மேல் கத்தினால் சொல் சிதையும். நாலு அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டு கத்துவதைவிட, உதட்டருகே வைத்துக்கொண்டு இயல்பாகப் பேசுவதே அதற்கு ஏற்றது.

கரிச் செலுத்தியினின்று வெளிவரும் மின்னாற்றல், அதில் புகும் குரலின் ஆற்றலைவிடப் பல நூறு மடங்கு மிகுதி. ஆகவே அது வாயாக மட்டுமன்றி, ஒலியைப் பெருக்கும் கருவியாகவும் இருந்தது. 1904-ல் ஹெர்பர்ட் ஷ்ரீவ் என்பவர், ஒரு வாங்கியின் அசைவு நேரே ஒரு கரிச் செலுத்தியை அழுத்தும்படி இரண்டையும் பிணைத்து, நெடுவழியில் களைத்துப்போன குரலுக்கு மீண்டும் வலுவூட்டினார். வாங்கியைச் செலுத்தியின் அருகே கொண்டுபோனால் கருவி தானே ஊளையிடுவதும் இப்பெருக்கத்தின் விளைவே.

வெற்றிடக் குழாய்கள் வந்தபின், 1915 ஜனவரி 25-ஆம் நாள், அமெரிக்காவின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்குப் பேச்சு வழி திறக்கப்பட்டது. நியூயார்க்கிலிருந்த பெல், தம் பழைய முதற்கருவியைப் போலவே செய்த ஒன்றில், வாட்சனை இங்கே வருமாறு மீண்டும் அழைத்தார். சான் பிரான்சிஸ்கோவில் இருந்த வாட்சன், இப்போது வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்று மறுமொழி சொன்னார். பெல்லின் பலவீனமான வாயும் கண்டம் கடந்து பேசிற்று, வழியில் தூக்கிவிட வேறு கருவிகள் இருந்தமையால்.

கரியின் ஆட்சி முடிந்ததும் அதே காரணத்தால்தான். 1962-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் ஆகிய இருவரும் எலக்ட்ரெட் மைக்ரோபோனை அமைத்தனர். மின்னூட்டம் நிலைத்துநிற்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஏடு அதில் அதிர்கிறது. அதற்கு இரைச்சல் இல்லை, கெட்டிப்படுவதும் இல்லை, எப்பக்கம் திருப்பினாலும் பேசும். ஆனால் அது தரும் மின்சாரம் பெல்லின் காந்தக் கருவி தந்ததைப் போலவே மிகச் சிறிது. டிரான்சிஸ்டர் மலிவான பிறகு அது ஒரு குறையாக இல்லை. குரல் சவ்வை அசைத்தால் போதும், பெருக்கும் வேலையைப் பக்கத்தில் உள்ள டிரான்சிஸ்டர் பார்த்துக்கொள்ளும். 1970-களிலும் 80-களிலும் தொலைபேசிக் கைப்பிடிகளுக்குள்ளிருந்து கரிமணிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. இன்று நம் கைப்பேசியில் உள்ள செலுத்தி சிலிக்கான் சில்லில் செதுக்கிய நுண்ணிய சவ்வு. அதைத் தட்டிப் பயனில்லை.